விட்டுக்கொடுத்த ரெட்

கேள்வி:

மேடம், வணக்கம். எனக்கு 38 வயது. கணவர், ஆறாவது படிக்கும் மகனோடு தாம்பரத்தில் இருக்கிறேன். அப்பாவுக்கு 71. ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை. எங்கள் தெருக்கோடியில் ஒரு கேரம் கிளப் இருந்தது. அப்பா அங்கே நல்ல ஆட்டக்காரர். ஏழு வயதில் நான் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பேன். பெண் பிள்ளைகள் உள்ளே போகிற வழக்கம் இல்லை. ஒரு தீபாவளி போனஸில் அப்பா பெரிய போர்டாகவே வாங்கி வந்துவிட்டார். ஞாயிறு தவறாமல் ஸ்டூல் மேல் போர்டு, அதற்கு நேர் மேலே தொங்குகிற 100 வாட்ஸ் பல்பு. அம்மா தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் ஸ்கோர் எழுதுவாள். அப்பா கேரம் சாம்பியன் மரிய இருதயம் ஆடியதைப் பற்றிப் பேசிக்கொண்டே என்னைத் தோற்கடிப்பார். ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. 14 வயதில்தான் முதல் தடவை ஜெயித்தேன். அன்று கிளப்பில் இருந்த எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

நான் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டபோது இரண்டு வருடம் அப்பா பேசவில்லை. மகன் பிறந்த மூன்றாம் மாதம் குழந்தையோடு போனேன். ஒன்றும் சொல்லாமல் போர்டை இறக்கித் துடைத்தார், பவுடர் தூவினார், காயின் அடுக்கினார், எனக்கு எதிரில் உட்கார்ந்தார். அத்தோடு சண்டை முடிந்தது.

அம்மா போய் ஒன்றரை வருடம். அப்பா இப்போது எங்களோடு இருக்கிறார். போர்டும் வந்தது, ஆனால் கட்டிலுக்குப் பின்னால் சாத்தியே இருந்தது. இந்தப் பொங்கலுக்கு நான்தான் எடுத்துப் போட்டேன். அப்பா சுலபமான காயின்களையெல்லாம் தவறவிட்டார் (கை கொஞ்சம் நடுங்குகிறது, டீ டம்ளரைக்கூட இரண்டு கையால்தான் பிடிக்கிறார்). எனக்கு மனசு கேட்கவில்லை. கடைசி போர்டில் நான் 21, அவர் 19. எனக்கு ஒரு வெள்ளையும் ரெட்டும் பாக்கி. ரெட் பாக்கெட் வாயில் நின்றது. வேண்டுமென்றே தள்ளி அடித்தேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீயே ஆடிக்கோ" என்று ஸ்ட்ரைக்கரை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் போர்டு பழைய போர்வையில் சுற்றிப் பரணில் இருந்தது.

மூன்று மாதம் ஆகிறது. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான் பேச்சு. ஃபோனில் கேரம் ஆப் போட்டுக் கொடுத்தேன், தொடவில்லை. அண்ணன் "வயசாயிடுச்சு, விடு" என்கிறான். நான் நல்லதுக்குத்தானே செய்தேன்? அப்பாவை மனசுவிட்டுப் பேச வைப்பது எப்படி?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அந்த ரெட்டுக்காக. இரண்டாம் தடவை, அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்த ஒரு வரிக்காக. அந்த வரிக்கு அப்புறம் வருகிறேன், ரெட்டை முதலில் முடித்துவிடலாம்.

நல்லதுக்குத்தான் செய்தீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஒரு நிமிடம் பாருங்கள். ஏழு வயதிலிருந்து 14 வரைக்கும் அந்த மனிதர் உங்களை விடாமல் தோற்கடித்திருக்கிறார். நீங்கள் எத்தனை ஞாயிறு அழுதிருப்பீர்களோ! பக்கத்து வீட்டு அப்பாக்கள் எல்லாம் பிள்ளைகள் சிரிப்பதற்காகத் தோற்றுக்கொண்டிருந்த காலத்தில், உங்கள் அப்பா ஒரு சின்னப் பெண்ணைச் சரிக்குச் சரியான ஆட்டக்காரியாக நடத்தியிருக்கிறார். கிளப்புக்குள் உங்களை விடமாட்டார்கள் என்று தெரிந்ததும் கிளப்பையே வீட்டுக்குத் தூக்கி வந்தவர் அவர். போர்டு மட்டும் வந்தால் போதாது, கிளப்பின் கறாரும் கூடவே வர வேண்டும் என்று நினைத்திருக்கிறார். நடுவில் ஒரே ஒரு தடவை அவர் இரக்கப்பட்டு விட்டிருந்தால், 14 வயதில் நீங்கள் ஜெயித்ததற்கு அவரால் டீ வாங்கிக் கொடுத்திருக்க முடியாது. அந்த டீ உங்கள் ஆட்டத்துக்கு அவர் கொடுத்த சர்டிஃபிகேட்.

அப்படிப்பட்டவர் எதிரில், பாக்கெட் வாயில் நின்ற ரெட்டைத் தள்ளி அடித்திருக்கிறீர்கள். 21-ல் இருக்கிறீர்கள். 22 ஆகிவிட்டால் ரெட்டுக்கு மூன்று பாயின்ட் கிடையாது, 21-ல் உண்டு. ரெட்டைப் போட்டு, அதை உறுதி செய்ய அடுத்து வெள்ளையை ஃபாலோ போட்டால் 25 வந்து ஆட்டம் முடிந்தது. அந்தக் காயினை நீங்கள் 12 வயதில் கண்ணை மூடிக்கொண்டு போடுவீர்கள் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்டுபிடிக்கமாட்டார் என்று எப்படி நினைத்தீர்கள்?

அந்த ஒரு அடியில் அவருக்கு இரண்டு விஷயம் தெரிந்துபோயிற்று. தன் கை நடுங்குவதை மகள் பார்த்துவிட்டாள். பார்த்ததைத் தன்னிடம் சொல்லவும் மாட்டாள். இதில் இரண்டாவதுதான் அதிகம் வலித்திருக்கும் என்று நினைக்கிறேன். வயதானவர்களோடு உட்கார்ந்து பேசுவதே என் தொழில். பிள்ளைகள் திட்டினார்கள் என்று சொல்லி அழுகிறவர்களை விட, பிள்ளைகள் ரகசியமாகக் காட்டுகிற கருணையில் சுருங்கிப்போனவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். சொல்லாமல் குழம்பில் உப்பைக் குறைப்பது, ஸ்கூட்டர் சாவியை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு "காணோம்பா" என்பது, கல்யாணப் பத்திரிகை வந்ததையே சொல்லாமல் விடுவது. எல்லாம் அன்புதான். ஆனால் அந்த வீட்டில் தன்னைக் கேட்காமலே தன்னைப் பற்றி முடிவெடுக்கிறார்கள் என்று அந்த ஆளுக்குப் புரிந்துவிடும்.

சரி, இப்போது அடைப்புக்குறி.

கை நடுக்கத்தையும் டீ டம்ளரையும் ஏன் அடைப்புக்குறிக்குள் போட்டீர்கள்? என் பார்வையில் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். நான் உளவியலாளர், நடுக்கத்துக்குப் பெயர் வைப்பது மருத்துவர் வேலை. ஆனால் கை நடுக்கம் எல்லாம் ஒரே ரகம் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். டம்ளரைத் தூக்கும்போது, கையெழுத்துப் போடும்போது, ஸ்ட்ரைக்கரைக் குறிபார்க்கும்போது, அதாவது கை வேலை செய்யும்போது அதிகமாகிற நடுக்கம் ஒன்று உண்டு. பல குடும்பங்களில் அது வழிவழியாக வரும், மாத்திரையில் ஓரளவு குறையவும் செய்யும். மடியில் கை சும்மா கிடக்கும்போது நடுங்குவது வேறு. பெரும்பாலும் ஒரு பக்கக் கையில் ஆரம்பித்து, நடையும் மற்ற வேலைகளும் மெதுவாகி, கையெழுத்தும் சிறுத்துக்கொண்டே போனால் பார்க்கின்சன் நோயா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் கை நடுங்கும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கிறவர்களுக்கும் நடுங்கலாம். அதனால் அவர் டிவி பார்க்கும்போது கை எப்படி இருக்கிறது, சாப்பிடும்போது எப்படி இருக்கிறது என்று நாலு நாள் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு பொது மருத்துவர், அவர் சொன்னால் நரம்பியல் மருத்துவர். "வயசாயிடுச்சு, விடு" என்ற உங்கள் அண்ணன் வைத்தியம் வேண்டாம்.

கண்ணையும் பாருங்கள். சுலபமான காயின்கள் தவறியதற்கு விரல் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. கண்புரை வளரும்போது எல்லாம் மஞ்சள் பூத்து மங்கும், விளக்கைப் பார்த்தால் கூசும். வருடக்கணக்கில் பவுடரும் கையும் பட்டுப் பழுத்துப்போன போர்டில், வெள்ளை என்று நாம் சொல்கிற அந்த வெளிர் நிறக் காயின் எவ்வளவு எடுப்பாகத் தெரியும்? தண்டையார்பேட்டை வீட்டில் போர்டுக்கு நேர் மேலே பல்பு தொங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். தாம்பரம் வீட்டில் பொங்கலன்று எங்கே உட்கார்ந்து ஆடினீர்கள்? ஹாலில், சுவர் ட்யூப் லைட் வெளிச்சத்தில் என்றால் அவர் கை நிழலே காயின் மேல் விழுந்திருக்கும். உங்களுக்கு 38, சமாளித்திருப்பீர்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் இந்தத் தலைமுறை ஆண்கள் வரமாட்டார்கள், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். உங்களிடம் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. "குறி தவறுதுப்பா, கண்ண ஒரு தடவ காட்டிடலாம்." ஆட்டக்காரரிடம் ஆட்டக்காரி சொல்கிற மாதிரி சொல்லுங்கள். சர்க்கரைக்கும் பி.பி.க்கும் அசையாத ஆள்கூடக் குறி தவறுவதற்கு அசைவார்.

இன்னொன்றை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. அம்மா போன பிறகு நீங்கள் இருவரும் ஆடிய முதல் ஆட்டம் அதுதான், இல்லையா? அத்தனை வருடமும் ஸ்கோர் எழுதியவர் அம்மா. பொங்கலன்று யார் எழுதினார்கள்? யாரும் எழுதியிருக்கமாட்டார்கள், 21, 19 என்று மனசுக்குள்ளேயே எண்ணியிருப்பீர்கள். போர்டு அத்தனை நாள் கட்டிலுக்குப் பின்னால் ஏன் சும்மா கிடந்தது என்பதற்கு இது ஒரு விடையாக இருக்கலாம். இது என் ஊகம்தான், அவரிடம் போய் "அம்மா ஞாபகம் வந்துதாப்பா" என்று கேட்டுவிடாதீர்கள். மனைவியை இழந்தவரின் எதிரில் நீங்கள் அந்த போர்டை நல்ல நாளும் அதுவுமாகத் திடீரென்று விரித்தீர்கள், அவர் மறுக்காமல் வந்து உட்கார்ந்தார். உங்களுக்காக உட்கார்ந்திருக்கிறார். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

துக்கத்தையும் மனச்சோர்வையும் குழப்பிக்கொள்ளக்கூடாது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வயதானவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் அழுகையாகவே வர வேண்டும் என்றில்லை. சிடுசிடுப்பாக வரும், முதுகு வலியாக வரும், விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பாக வரும். ஒரு காலத்தில் உயிராக இருந்த விஷயத்தில் ஆசையே போய்விடுவது அதன் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. அப்பா கேரமில் மட்டும்தான் கோபமாக இருக்கிறாரா, இல்லை பேப்பர் படிப்பதையும், ஷேவ் செய்துகொள்வதையும், வாக்கிங்கையும் விட்டுவிட்டாரா? சாப்பாடு குறைந்துவிட்டதா? இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் போகிறதென்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அந்த அளவுக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கோபித்துக்கொண்டு போர்டைப் போர்வையில் சுற்றிப் பத்திரமாகப் பரணில் வைக்கிறவருக்கு அதன் மேல் இன்னும் ஆசை இருக்கிறது. வெறுத்துப்போயிருந்தால் பழைய சாமான்காரரிடம் போட்டிருப்பார்.

"மனசுவிட்டுப் பேச வைப்பது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வி எனக்கு வாரம் ஒரு தடவையாவது வரும். பெரும்பாலும் பெண்கள் கேட்பார்கள், பெரும்பாலும் அப்பாவைப் பற்றி. எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, "சொல்லுங்கப்பா, மனசுல என்ன" என்றால் அவர்களில் முக்கால்வாசிப் பேர் எழுந்து மோட்டார் போடப் போய்விடுவார்கள். என் அப்பாவும் அப்படித்தான். அவருக்கு ஒரு விளையாட்டும் தெரியாது. ரேடியோவைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்ப்பார், நான் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். அந்த டார்ச் வெளிச்சத்தில் அவர் சொன்ன அளவுக்கு வேறெங்கும் சொன்னதில்லை. கைக்கு வேலை இருக்க வேண்டும், கண் வேறெங்கோ இருக்க வேண்டும், அப்போதுதான் சிலருக்கு வாய் திறக்கும். கேரமில் அதற்கு மேலும் ஒரு வசதி. ஒவ்வொருவர் முறையும் தானாக வரும், பேச்சு நின்றாலும் ஆட்டம் நிற்காது, மௌனம் யாரையும் உறுத்தாது.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல வந்தது அது இல்லை. "பேச வைப்பதற்காக ஆடுங்கள்" என்று சொன்னால், மறுபடியும் அந்த ரெட்டைத் தள்ளி அடிக்கிற மாதிரிதான். ஆட்டத்தை வேறு எதற்கோ தூண்டிலாகப் போடுகிறீர்கள் என்று அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். உங்கள் அப்பா பேசாதவர் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நீங்கள் கல்யாணம் செய்துகொண்ட இரண்டாம் வருடம், கைக்குழந்தையோடு நின்ற உங்கள் முன்னால் அவர் போர்டைத் துடைத்துப் பவுடர் தூவினாரே, மன்னிப்புக் கேட்டதும் மன்னித்ததும் அதில் இரண்டுமே இருந்தன. அன்றைக்கு உங்களுக்கு ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. அதே பாஷையில்தான் இப்போது போர்டைச் சுற்றிப் பரணில் வைத்து "எனக்குக் கோபம்" என்கிறார். அம்மா இருந்திருந்தால் இதை உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருப்பார். அப்புறம், இரண்டு வருடம் பேசாமல் இருந்து காட்டியவருக்கு மூன்று மாதமெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

அப்பாவும் பிள்ளையும் விளையாட்டும் என்றதும் எல்லாரும் சாம்பியன்களின் கதையைத்தான் சொல்வார்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தன் மருத்துவத் தொழிலையே ஒதுக்கிவைத்த அவருடைய அப்பாவைப் பற்றி எல்லாப் பேப்பரிலும் வந்தது. அதற்கு முந்தின மாதம் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா உங்கள் வடசென்னைப் பெண்தான், அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர், கேரம் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. உங்கள் அப்பா அந்தச் செய்தியைப் படித்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த அப்பாக்கள் பிள்ளைக்குப் பின்னால் நிற்கிறவர்கள். உங்கள் அப்பா எதிரில் உட்கார்ந்தவர். கோப்பை எதுவும் வரவில்லை, ஆனால் முப்பது வருடமாக அவருக்கு ஒரு நல்ல எதிராளி கிடைத்தாள். பொங்கலன்று அவள் காணாமல் போய்விட்டாள். இப்போது ஆக வேண்டியது அவளைத் திரும்பக் கொண்டுவருவதுதான்.

எப்படி? முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். காலையில் அவர் பேப்பரோடு உட்கார்ந்திருக்கும்போது, மருமகனோ பேரனோ பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, நின்றுகொண்டே சொல்லுங்கள்: "அப்பா, பொங்கலன்னிக்கு ரெட்ட வேணும்னேதான் விட்டேன். தப்புதான்." அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "கை நடுங்குச்சேன்னுதான்" என்று விளக்க ஆரம்பித்தால் காரியம் கெட்டது. அவர் "தெரியும்" என்று பேப்பரைத் திருப்புவார், இல்லையென்றால் ஒன்றுமே சொல்லமாட்டார். நீங்கள் அடுக்களைக்குப் போய்விடுங்கள். பத்து நாள் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

போர்டை நீங்களாக இறக்காதீர்கள். அவரையும் பரண் மேல் ஏற விடாதீர்கள், 71 வயதில் அவ்வளவு பெரிய பலகையோடு ஸ்டூலில் நிற்க வேண்டாம். (வைக்கும்போது மட்டும் எப்படி ஏறினார் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.) அவர் வாயிலிருந்து வந்ததும் உங்கள் கணவர் இறக்கிக் கொடுக்கட்டும். எங்கே போடுவது என்று அப்பாவிடமே கேளுங்கள். நேர் மேலே ஒரு விளக்கு வருகிற இடமாகப் பாருங்கள், ஒரு ஹோல்டரும் ஒயரும்தான் செலவு. ஸ்கோர் எழுதக் காலண்டர் தாளை வைப்பதா வேண்டாமா என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள்.

ஆட உட்கார்ந்துவிட்டால் முழுசாக ஆடுங்கள். நடுங்குகிற கையை எதிர்த்து எப்படி முழுசாக ஆடுவது என்று கேட்பீர்கள். ஆட்டத்தில் அதற்கு நேர்மையான வழி காலம் காலமாக உண்டு, வெளிப்படையாகச் சலுகை வைத்து ஆடுவது. நீங்கள் சிறுமியாக இருந்தபோது அவர் இடது கையால் ஆடியது உண்டா? கிளப்பில் பெரிய ஆட்டக்காரர்கள் புதுப் பையன்களுக்கு ஐந்து பாயின்ட் முன்னாலேயே கொடுத்து ஆடியிருப்பார்களே? அதை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுச் செய்வார்கள், யாருக்கும் அவமானம் இல்லை. அதையே கொண்டு வரலாம், ஆனால் கேட்பது அவராக இருக்க வேண்டும். அவர் கேட்கவில்லையென்றால் 25–3 என்று அவரைத் தோற்கடிக்கவும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். மனசு கேட்காது என்றால் ஆட உட்காராதீர்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்த யோசனை ஒன்று உண்டு. இரட்டையர் ஆட்டம். கேரமில் ஜோடிகள் எதிரெதிரே உட்காருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு எதிரில் பேரனை உட்கார வையுங்கள், நீங்களும் உங்கள் கணவரும் எதிர் ஜோடி. உங்கள் மகன் கன்னாபின்னாவென்று அடிப்பான், தாத்தா தலையில் அடித்துக்கொள்வார், இரண்டு வாரத்தில் "டேய், அந்தப் பக்கம் இல்ல, கட் பண்ணு" என்று ஆரம்பித்துவிடுவார். விரல் நடுங்கினாலும் எந்தக் காயினை எந்த வரிசையில் எடுப்பது என்கிற மூளை நடுங்காது. ஐம்பது வருட ஆட்டம் அங்கே இருக்கிறது. ஜெயித்தால் பேரனோடு சேர்ந்து மகளை ஜெயித்ததாக ஆகும். உங்கள் கணவருக்கும் இதில் ஒரு இடம் கிடைக்கிறது. இத்தனை வருடத்தில் மாமனாரும் மருமகனும் சேர்ந்து உட்கார்ந்து எதையாவது ஆடியிருக்கிறார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதனால் கேட்கிறேன்.

ஃபோன் கேரம் பற்றி. அதை அவர் தொடாததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. 15 கிராம் ஸ்ட்ரைக்கர் நகத்தில் பட்டுத் தெறிக்கிற அந்த அடியும், போர்டில் கையை வைத்ததும் பவுடர் எவ்வளவு இருக்கிறது என்று உள்ளங்கையில் தெரிவதும், கட்டையில் மோதித் திரும்புகிற சத்தமும் அதில் ஏது? அதை விட, எதிரில் நீங்கள் இல்லை. "தனியா உட்கார்ந்து ஆடிக்கோ" என்று கொடுத்ததாகத்தான் அவருக்குப் பட்டிருக்கும், முக்கியமாக "நீயே ஆடிக்கோ" என்று அவர் சொன்ன மறுநாளே கொடுத்திருந்தால்! ஆப்பை எடுத்துவிடுங்கள். இலவச ஆப்களில் வருகிற விளம்பரங்களைப் பிடித்துக்கொண்டு போய்ப் பென்ஷன் பணத்தை ரம்மியில் விட்ட பெரியவர்களை எனக்குத் தெரியும். 2025-ல் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்திருக்கிறது. ஆனாலும் தனிமையில் இருக்கிற பெரியவர் கையில் ஃபோனைக் கொடுத்துவிட்டு நகர்ந்துபோவதை நான் எப்போதுமே யோசித்துத்தான் செய்யச் சொல்வேன்.

ஒருவேளை மருத்துவர் பார்த்த பிறகும் கை சரிப்படவில்லை, ஆடினால் அவருக்கு எரிச்சல்தான் வருகிறது என்றால்? அப்போது கேரமைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். உங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பலகை வேண்டும், அவ்வளவுதானே. ஆடுபுலி ஆட்டத்துக்கு விரல் பலம் தேவையில்லை, 3 புலியும் 15 ஆடும் போதும். அப்பாவுக்குச் சின்ன வயதில் அந்தக் கட்டம் போட்ட ஞாபகம் இருந்தால் ஒரு அட்டையில் அவரையே வரையச் சொல்லுங்கள். புளியங்கொட்டை ஆடு, சோடா மூடி புலி. தாயமும் ஆடலாம், ஆனால் தாயத்தில் அதிர்ஷ்டம் அதிகம், உங்கள் அப்பா மாதிரி கறார் ஆட்டக்காரருக்குப் பிடிக்குமா என்று தெரியவில்லை. ஆடுபுலியில் நீங்கள் ஆடு எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஆடத் தெரிந்தவர் கையில் ஆடுகள் புலியைக் கட்டிவிடும், அவர் கொஞ்சம் திணறுவார். திணறட்டும்.

இவ்வளவும் செய்தும் அவர் போர்டை இறக்கச் சொல்லாமலே இருக்கலாம். அதற்கும் இடம் கொடுங்கள். கண்ணுக்கும் கைக்கும் மருத்துவரைப் பார்ப்பதை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள், அது இந்த மாதமே நடக்கட்டும்.

அப்புறம், மன்னிப்புக் கேட்ட பத்து நாள் கழித்து போர்டில் தூவுகிற போரிக் பவுடர் ஒரு டப்பா வாங்கி வந்து அவர் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிடுங்கள். எதற்கு என்று கேட்டால் கரப்பான் பூச்சிக்கு என்று சொல்லிக்கொள்ளலாம், அதற்கும் அதைத்தான் போடுகிறார்கள். அவர் நம்பமாட்டார்.